திரும்பி வரும் கோப்பைகள்

அந்த இலைகளை நான் பார்த்ததெல்லாம்
யாரோ குடித்து முடித்த பிறகுதான்.

வெலிங்டன் துறைமுகத்துக்கு எதிரே
கப்பலுக்குக் காத்திருப்பவர்களின் காப்பிக்கடை.
எனக்குப் பின்னறை. ஜன்னல் கிடையாது.
ஆவி கக்கும் கழுவும் இயந்திரம்,
ரப்பர் கையுறை, வலதில் ஓட்டை.

முன்னால் ரெவி ஊற்றுவான்.
பின்னால் கோப்பை வரும்.

ஒழுங்காக ஊற்றிய பால்
மிடறுக்கு மிடறு கூடவே இறங்கி வரும் என்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.
கோப்பையின் உள்சுவரில் வெள்ளை வளையங்கள்:
முதல் மிடறு, ஏதோ பேச்சு, அடுத்த மிடறு,
பிறகு அகலமாய் ஓர் இடைவெளி
(கைப்பேசி அடித்திருக்க வேண்டும்),
கடைசியில் நெருக்கி நெருக்கி அவசரம்.
அடியில், சட்டைப் பித்தான் அளவுக்குச் சுருங்கி
அதே இலை.
காம்புகூட இருந்தது.

நுரை தடித்த நாட்களில்
அடியில் பஞ்சு மாதிரி ஒரு கட்டி.
நீர்த்த நாட்களில் வெறும் பழுப்பு.
ஆக, ரெவி எந்த இரவு சரியாகத் தூங்கவில்லை என்று
முதலாளி டெசிமாவுக்கு முன்பே
எனக்குத் தெரிந்துவிடும்.

கடை சாத்தியபின் ஒளித்து ஒளித்துப் பழகினேன்.
பாலுக்குப் பதில் தண்ணீர்,
அதில் ஒரே ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு
(சோப்பு என் இலாகா).
ஆவிக்குழாய்க்கு இரண்டும் ஒன்றுதான்.
முதலில் காகிதம் கிழிகிற சத்தம்,
பிறகு அது அடங்கி
குடுவைக்குள் ஒரு சுழல்.
உள்ளங்கை பொறுக்காத சூட்டில் நிறுத்து.
மேசையில் ஒரு தட்டு.
புதுப் பெயின்ட் போல மினுங்கும் வரை சுழற்று.

கோப்பையைச் சாய்.
உயரத்திலிருந்து நூல் மாதிரி விடு,
பால் அடியில் போய் ஒளிந்துகொள்ளும்,
மேலே பழுப்பு கலையாது.
பாதி நிறைந்ததும் குடுவையின் மூக்கைத் தாழ்த்து,
முத்தமிடப் போகிற தூரத்துக்கு.
அப்போதுதான் வெளுக்கும்.
ஆட்டு, ஆட்டிக்கொண்டே பின்வாங்கு,
விளிம்பில் தூக்கு, நடுவே ஒரு கோடு.

இத்தனையும் தெரியும் எனக்கு.
தெரிந்து என்ன,
மணிக்கட்டுக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை தெற்குக் காற்று.
கப்பல் ரத்து.
நனைந்த ஜனம் மொத்தமும் உள்ளே.
பால் தீர்ந்துபோய் ரெவி கடைத்தெருவுக்கு ஓட,
மிச்சம் ஒரு குடுவைக்குத் தேறும்.
மோர்வென் நின்றாள், கப்பல்தளத்தில் வேலை,
ஆரஞ்சு மழைக்கோட்டில் நீர் சொட்டச் சொட்ட.
"ஒரே ஒரு லாட்டே. யார் போட்டாலும் சரி."

யார் போட்டாலும் என்றால் நான்.

நூலாக விட்டேன், சரியாக வந்தது.
தாழ்த்தினேன், அதுவும் சரி.
வெள்ளை எழுந்தது.
எழுந்ததைப் பார்த்துப் பயந்து
கை அங்கேயே நின்றுவிட்டது.
ஆட்டவில்லை. கோடு இழுக்கவில்லை.
நீள்வாட்டில் ஒரு கிழங்கு,
ஓர் ஓரத்தில் குமிழ்.

அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.
"கடல்நாய்!" என்றாள்.
"பாறைமேல் மல்லாந்து கிடக்குமே, அதுதானே?"
அதுதான் என்றேன்.
வேறென்ன சொல்வது.

பின்னறைக்கு ஓடி
மற்ற கோப்பைகளையெல்லாம் மெதுவாகக் கழுவினேன்.
கடைசியில் அது வந்தது.
விளக்கடியில் திருப்பினேன்.
கடல்நாயைக் காணோம்.
வளையங்கள் மட்டும் நான்கு,
ஒன்றுக்கொன்று ஒரே தூரத்தில்,
அவசரமே இல்லாமல்.

பால் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு
ரெவி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.
வளையங்களின் ஓரம் முழுக்க
அம்மைத் தழும்பு போல் குமிழ்கள்.
"ரொம்பச் சூடு" என்றான்.
அவனுக்கும் படிக்கத் தெரிந்திருக்கிறது.

முன்னால் மணி அடித்தது.
கோப்பையைக் கவிழ்த்துத்
தட்டில் அடுக்கினேன்.