அடியில் இருந்த எலி

ரிகாவில், டிராம் திரும்பும் முனையில் ஒரு சீட்டுக்கடை.
ரேடியேட்டர் மேல் கையுறைகள் காய்கின்றன.
வெள்ளி இரவுகளில் இங்கே நான் நடுவர்.
ஏழாம் மேசையில் கை உயர்ந்தது.

குந்தார்ஸிடம் ஓர் உயிர்ப்புள்ளி. வெல்தாவிடமும் ஒன்றுதான்.
அவன் முறை. அனைத்தையும் எரிக்கும் சீட்டை இறக்கியிருந்தான்.
"பதில் இருக்கிறதா?"
அவள் தலையசைத்துவிட்டுத் தேநீர் குடித்தாள்.
அவன் எலியும் அவள் எலியும்
ஒரே நொடியில் செத்தன.

இரண்டிலும் ஒரே வாசகம்:
நான் சாகும்போது எதிராளி ஒரு புள்ளி இழப்பார்.

செத்தது எப்படிப் பேசும் என்று புதியவர்கள் கேட்பார்கள்.
கல்லெறிந்தவன் விழுந்தாலும்
கல் போய் விழும்.

"என் முறை. என்னுடையதுதான் முதலில்."
ஆமாம் குந்தார்ஸ், முதலில்தான்.
முதலில் வைத்தது அடியில் போகும்.
அதன் மேல் அவளுடையது.
கழுவிய தட்டுகளை அடுக்கியிருக்கிறாய் அல்லவா,
பசிக்கிறபோது கை எதை எடுக்கும்?

அவன் மேசையைக் குனிந்து பார்த்தான்.
அங்கே அடுக்கென்று ஒன்றுமில்லை,
ஈரமான ஒரு கோப்பை வட்டம் தவிர.
அவன் எலிக்குப் பேச முறை வரும் முன்
ஆட்டம் முடிந்திருந்தது.

கைகுலுக்கிய பிறகு வெல்தா
தன் கடைசிச் சீட்டைத் திருப்பிக் காட்டினாள்.
அதே நெருப்பு.
மூன்று முறையாக இறக்காமல் வைத்திருந்தாளாம்.

அதற்கு விளக்கம் கேட்டு
யாரும் கை உயர்த்தவில்லை.