பாசிக்குத் தெரிந்தது

"குடிச்சிட்டுண்டோ?" என்றார்
கம்பம்மெட்டு செக்போஸ்ட் போலீஸ்காரர்.
ஊதச் சொன்னார். ஊதினேன்.
வண்டியில் ஏலக்காட்டுக்குப் போகும் பதினான்கு பெண்கள்,
தூக்குவாளிகள், மழைக்குப் போர்த்தும் சாக்கு.
மணி நாலேமுக்கால்.
குறுக்குக் கம்பத்துக்கு ஒரு சாண் முன்னால்
ஜீப்பை நிறுத்தியது என் கண் இல்லை,
பாண்டீஸ்வரி போட்ட கூச்சல்.

அதுவரை நினைத்திருந்தேன்,
இருட்டு எல்லோருக்கும் இப்படித்தான் என்று.
மற்றவர்களுக்குத் துணிச்சல் கூடுதல்,
எனக்குக் கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான் என்று.

மதுரையில் டாக்டர் அமலோற்பவம்
மருந்துச் சீட்டின் பின்பக்கம் வரைந்து காட்டினார்.
விழித்திரையில் கோல் செல்கள்,
அவற்றில் ரோடாப்சின் என்றொரு புரதம்,
புரதத்தின் மடியில் வளைந்து கிடக்கும் ஒரு சின்னத் துண்டு.
முருங்கைக்கீரையில் இருக்கிற சத்துதான் அது.
வெளிச்சம் ஒரு பொட்டு பட்டால் போதும்,
மெட்டு ரோட்டு வளைவு ஒன்று
சட்டென்று நேர் ரோடு ஆவதுபோல நிமிரும்.
பார்ப்பது அங்கே தொடங்குகிறது.
"உங்களுக்கு அந்தச் செல்லே சாகிறது,
ஓரத்திலிருந்து உள்ளே."

ஒரு வகைக்கு ஊசி மருந்து வந்துவிட்டதாம்.
என்னுடையது அந்த வகை இல்லை.

பிறகு, பேனாவை மூடிக்கொண்டே,
"அம்மா அப்பா சொந்தமா?"
மாமி மகன், மாமு மகள்.
இரண்டு பூட்டும் விழுந்தால்தான் கதவு அடையும்.
ஒன்று கம்பத்திலிருந்து, ஒன்று நெடுங்கண்டத்திலிருந்து.
அடித்த பட்டறை ஒன்றுதான்.
அத்தாவும் அம்மாவும்
ஆளுக்கொரு பூட்டைச் சுமந்துகொண்டு
அமாவாசையிலும் தடுக்கி விழாமல் நடந்தவர்கள்.

ஜீப்பை விற்றேன்.
இப்போது ஏலக்காய்க் கடையில் சல்லடை பிடிக்கிறேன்.
எட்டு மில்லி எது, ஏழு எது என்று
விரலுக்குத் தெரியும்.
பச்சை எவ்வளவு பச்சை என்று
பக்கத்து ஆளைக் கேட்க வேண்டும்.

அடுத்த தடவை டாக்டர் பாசியைப் பற்றிச் சொன்னார்.
குளத்துப் பாசி. ஒற்றைச் செல்.
மூளை இல்லை, நரம்பு இல்லை,
வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும், நீந்தும்.
அதற்குள்ளும் அதே துண்டு,
ஆனால் அங்கே நேராகக் கிடப்பது
வெளிச்சம் பட்டால் வளையும்.
அந்தப் புரதத்தின் விதையைக் கண்ணுக்குள் வைக்கிறார்களாம்,
சாகாமல் மிச்சமிருக்கும் செல்களில்.
இத்தனை காலம் சேதி கொண்டுபோனது மட்டுமே அவற்றின் வேலை.
தபால்காரரையே கடிதம் எழுத வைப்பதுபோல.
தேன் நிற வெளிச்சம் பாய்ச்சும் கண்ணாடி ஒன்று மாட்டவேண்டும்.
"முகம் தெரியாது. கதவு தெரியலாம், மேசையில் டம்ளர் தெரியலாம்.
தெரியாமலும் போகலாம்."
இங்கே எப்போது வரும் என்றேன்.
பெயர் எழுதிக்கொண்டார்.

துல்ஹஜ் பிறையில் ஜுலைகா தாம்பாளத்தோடு வந்தாள்,
என் ஹசீனாவை அவள் மகன் தாவூதுக்குக் கேட்டு.
முறைதானே. ஊரே எதிர்பார்த்ததுதான்.
"முதலில் ரத்தம் பார்ப்போம்," என்றேன்.
"கூடப் பிறந்தவள் ரத்தத்தையா?"
தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு போனாள்.
மல்லிகை உதிர்ந்து கிடந்ததை
மிதித்த பிறகுதான் அறிந்தேன்.

எட்டு மாதம் பேச்சில்லை.
தாவூது யாரிடமும் சொல்லாமல் மதுரைக்குப் போயிருக்கிறான்.
ரிப்போர்ட்டை வாட்ஸப்பில் அனுப்பினான், ஒரு வார்த்தை எழுதாமல்.
ஹசீனா வாசித்தாள்,
எனக்குக் கேட்காதபடி.

இன்று மாடியில் சிமெண்ட் தொட்டியைக் கழுவ இறங்கினேன்.
சுவரெல்லாம் வழவழப்பு.
மூன்று பக்கம் மெலிசாக,
மூடி உடைந்த பக்கம் மட்டும் தடிமனாக, கம்பளிபோல.
கையை வைத்தால் தெரிகிறது
வெயில் எங்கிருந்து வருகிறதென்று.

"அத்தா, மோட்டார் போடவா?"

பிரஷைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்,
"இரு."