பற்றுச்சீட்டு எண் நாற்பத்தேழு

தோற்ற பிறகுதான் எனக்கு வேலை.
வென்றவர் லாரியில் நின்று கையாட்டி
நன்றி சொல்லிப் போய் மூன்று வாரம்.
யீஷூன், ஏழாம் மாடி.
சாப்பாட்டு மேசை முழுக்கப் பற்றுச்சீட்டு.
பறந்துவிடும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு
வியர்த்துக்கொண்டிருக்கிறேன்.

தேர்தல் முகவர்: மரகதவல்லி வேலாயுதம்.
படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது.
மேடையில் ஒரு நாளும் ஏறாத பெயர்.
ஒரு காசு பிசகினால்
முதலில் கூப்பிடப்படும் பெயர்.

வாக்காளர் தலைக்கு இத்தனை வெள்ளி,
அதற்கு மேல் கூடாது என்று
சட்டம் ஒரு கூரை போட்டிருக்கிறது.
நாங்கள் அண்ணாந்து பார்த்ததோடு சரி.

சீட்டு ஒன்று முதல் பன்னிரண்டு:
கம்பத்தில் பதாகை கட்டும் வெள்ளை வார்.
பதின்மூன்று: ஏணி வாடகை.
இருபது: அதே ஏணி, ஒரு நாள் தாமதம், அபராதம்.
முப்பத்தொன்று மழையில் நனைந்தது.
தொகை தெரிகிறது, பொருள் தெரியவில்லை.
வேட்பாளருக்கு ஃபோன் போட்டேன்.
கோ வெய் லியாங், இரவு வேலையில் இருந்தவர்,
கொஞ்சம் யோசித்து, "தொண்டை மிட்டாய்" என்றார்.
எழுதினேன். தொண்டை மிட்டாய், இரண்டு டின்.

எட்டில் ஒரு பங்கு ஓட்டுக்கு
நூற்றுப் பதினேழு குறைந்து
வைப்புத்தொகை போயிற்று.
அவர் மோட்டார் சைக்கிளும் அதோடு போயிற்று.
மோட்டார் சைக்கிள் என்று எழுத
இந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

அரசாங்கமே கட்சிகளுக்குக் காசு கொடுக்கும்
நாடுகள் உண்டாமே என்றேன்.
"என் வரிப்பணத்தில் நீங்கள் தோற்கவா?"
என்று கேட்டுவிட்டு என் கணவர் சேந்தன்
தூங்கப் போய்விட்டார்.
பதில் இருக்கிறது என்னிடம்.
ஆனால் அதற்குள் குறட்டை.

நாற்பத்தேழுக்குத்தான் சீட்டே இல்லாமல் இருந்தது.
பதாகை கட்டிய மழை இரவு,
பதினொரு தட்டு மீ ரெபூஸ்.
கடைக்காரர் ரம்லி காசு வாங்கவில்லை.
இனாமுக்கும் ஒரு விலை உண்டு,
கொடுத்தவருக்கும் ஒரு பெயர் உண்டு.
சின்னத் தொகைதானே, விடுங்கள் என்பார்கள்.
கணக்கு என் பிழைப்பு. நான் விடுவதில்லை.

நேற்றுப் போய் முழுப்பெயர் கேட்டேன்.
ரம்லி கரண்டியைக் கீழே வைத்தார்.
"எதற்கு?"
"கணக்கில் போட."
"யார் பார்ப்பார்கள்?"
"யார் வேண்டுமானாலும். அதற்குத்தானே கணக்கு."

அடுத்த மாதம் கடை ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டுமாம்.
அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றேன்.
சம்பந்தமில்லை என்று அவரும் சொன்னார்.
பிறகு தட்டுக்கு மூன்றரை என்று பெருக்கி
முப்பத்தெட்டு வெள்ளி ஐம்பது காசை
எண்ணி வாங்கிக்கொண்டார்.
சீட்டில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு கோடு.

யார் கொடுத்தது என்று தெரியாத காசு
யாருக்காகப் பேசும் என்றும் தெரியாது.
கூட்டங்களில் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியவள் நான்.
இப்போதும் அதைத்தான் சொல்வேன்.
திமிங்கிலத்துக்கு விரித்த வலை,
அது வேண்டும்.
நேற்று அதில் மாட்டியது
ஒரு கிண்ணம் உருளைக்கிழங்குக் குழம்பு.

மணி இரண்டு. கூட்டல் சரி.
ஆட்கள்தான் சரியில்லை.
தொண்டர் பட்டியலில் பத்துப் பேர்.
தட்டு பதினொன்று.

மழையில் ஏணி வழுக்கியபோது
ஓடி வந்து பிடித்தார் ஒருவர்.
பிளாஸ்டிக் செருப்பு, கையில் வீட்டுச் சாவி.
நாங்கள் சாப்பிட்டபோது அவரும் உட்கார்ந்தார்.
யாரும் பெயர் கேட்கவில்லை.
இந்தத் தொகுதியில் ஓட்டு உள்ளவர் என்றால்
அந்தத் தட்டு, சட்டத்தின் கண்ணுக்கு, விருந்தா?
ஏணி பிடித்ததற்குக் கூலியா?
கூலி என்றால் எந்தக் கட்டம்?

"ஒருவர், ஏணி பிடித்தவர்" என்று
பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.
மையால் எழுத
இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.