துரு நிறத்தில் ஒன்று

மஸ்கட், அல் அன்சப். மூன்றாம் குளத்தின் கரை.
காலை ஆறே கால்.
குளோரின் சோதிக்க வந்தவள் நான்,
குப்பியை இன்னும் திறக்கவில்லை.
நாணலோரம் சின்ன உடம்பு, பழுப்பாய்.
பார்ப்பதற்குள் இல்லை.

முக்குளிப்பானோ?
அதற்கு வால் என்று சொல்ல ஒன்றும் கிடையாது,
யாரோ பின்பக்கம் கத்தரித்துவிட்ட பஞ்சு.
இதற்கு வால் இருந்தது.
காவலர் ஹுமைத் தன் மொழியில் சொன்ன பேர்
நம் நாமக்கோழியாக இருக்க வேண்டும்;
நெற்றியைத் தொட்டு வெள்ளை என்று காட்டினார்.
இதன் நெற்றியில் நாமம் இல்லை.

கிளுவை முழுகாது. தலையை உள்ளே விட்டு
வாலை வானத்துக்கு நட்டு,
தொட்டியில் கரண்டி தேடும் என்னைப் போல நிற்கும்.
இது அப்படியில்லை:
ஒரு சிறு எம்பல். அப்புறம்
தண்ணீர் கதவைச் சாத்திக்கொள்கிறது.

எண்ணினேன். பதினேழு.
அடுத்தது இருபத்திரண்டு.
நானும் மூச்சடக்கிப் பார்த்தேன்,
பதினாலில் இருமல்.
முழுகிய இடத்தில் எழுவதில்லை.
அமுக்கிவிட்ட தக்கையாய் வேறெங்கோ குபுக்கென்று.
அலகில் நத்தையோ பாசி வேரோ,
காட்டாமலே விழுங்கிவிடுகிறது.

வெயில் ஏறியதும் தெரிந்தது:
பழுப்பில்லை, துரு.
மாற்றணும் மாற்றணும் என்று பிஜோய் சார்
இரண்டு வருஷமாய்ச் சொல்லிவரும்
நாலாம் நம்பர் வால்வின் துரு.
வாலடியில் மட்டும் வெள்ளை,
சட்டைக்குக் கீழே எட்டிப் பார்க்கும் பனியன்.
பிறகு திரும்பியது.
கண் வெள்ளை.
வெள்ளை என்றால் ஆண், பெட்டைக்குப் பழுப்பாம்;
பக்கத்தில் இன்னொரு துரு இருந்தால்தானே ஒப்பிட?

இந்தத் தண்ணீர் வந்த வழி எனக்குத் தெரியும்.
ருசைல் முகாம்களின் குளியலறைகள்,
டேங்கர் டேங்கராக.
காற்றூதி, வடிகட்டி,
நான் கையெழுத்துப் போட்ட பிறகே இந்தக் குளம்.
அறிக்கையை அது படிக்கவில்லை.
வாயை வைத்துப் பார்க்கிறது.

மோட்டார் போட்ட சத்தத்தில் கிளம்பியது.
நின்ற இடத்தில் எழும்ப வராது அதற்கு;
தண்ணீர்மேல் தடதடவென்று கொஞ்சம் ஓடி
அப்புறம்தான் காற்று.
விரித்த சிறகில் ஒரு வெள்ளைக் கோடு
முனைவரை.

படிவத்தில் பறவைக்குக் கட்டம் இல்லை.
கலங்கல், காரம், குளோரின்,
கடைசியில் ‘இதர’.
எழுதினேன்: வெண்கண் வாத்து, ஆண், ஒன்று.
இருபத்திரண்டு வினாடி.

மத்தியானம் பிஜோய் சார்
சிவப்பில் வட்டமிட்டுக் கேட்டார்:
எந்தப் பம்ப்புக்கும்மா இந்த வினாடி?