விழையும் வரை

கட்டபெட்டு தாண்டி மூன்றாவது வளைவில்
காட்டெருமை நின்றது.
போஜன் இன்ஜினை அணைத்தான்.

வாடகை வண்டி.
உள்ளே நாங்கள் மூவர்,
மூன்று மாநிலங்களின் முன்னாள் ஆளுநர்கள்.
கோத்தகிரியில் ஒரு பள்ளி ஆண்டு விழா.
தலைமைப் பண்பு பற்றிப் பேச வேண்டும்,
ஆளுக்குப் பத்து நிமிடம்.

"ஹாரன் அடிக்கலாமே" என்றார் ஜெனரல் தெக்கேடத்து.
"அடிக்கலாம் சார். அதுக்குப் பிடிக்காது."

ஒரு காலத்தில் எனக்கு முன்னால்
சாலைகள் தாமாகவே காலியாகும்.
கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்தால்
ஊரே முதுகு காட்டி நிற்கும்,
காவலர்களின் முதுகு.
மக்கள் அதற்கும் பின்னால் இருந்திருக்க வேண்டும்.

மூடுபனி கண்ணாடியில் ஏறியது.
சுலோசனா பட்வர்தன் விரலால் ஒரு வட்டம் துடைத்து
அதன் வழியே எருமையைப் பார்த்தபடி
யாரும் கேட்காமலே சொன்னார்:

"ஒரு மசோதா என் மேசையில்
பதினான்கு மாதம் இருந்தது.
பள்ளிகளில் சமைக்கும் பெண்களுக்கு ஓய்வூதியம்.
நான் மறுக்கவில்லை.
திருப்பி அனுப்பவில்லை.
கையெழுத்தும் போடவில்லை.
மேலே ஒரு பளிங்குக் கல், காற்றில் பறக்காமலிருக்க.
அதைவிடப் பெரிய அதிகாரம்
எனக்கு இருந்ததாகத் தெரியவில்லை.
அந்தப் பதினான்கு மாதத்தில்
எத்தனை பேர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள் என்று
பதவி போன பிறகுதான் விசாரித்தேன்."

"எத்தனை பேர்?"

"யாரும் கணக்கு வைக்கலையாம்."

எருமை காதை ஒருமுறை அசைத்தது.
முழங்கால் வரை வெள்ளைக் காலுறை,
அணிவகுப்புக்கு வந்ததுபோல்.

நானும் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.
சட்டமன்றத்தில் நான் வாசித்த உரையில்
"என் அரசு" என்று நாற்பத்தோரு இடங்கள்.
எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது.
அந்த அறுபது பக்கத்தில்
என் சொந்தச் சொல் ஒன்றே ஒன்று.
நடுவில் தண்ணீர் கேட்டேன்.
அதையும் அவைக்குறிப்பில் சேர்க்கவில்லை.

இன்னொன்றும் உண்டு.
அதை நான் வண்டியில் சொல்லவில்லை.
ஒரு விடியற்காலை, பால் வருமுன்,
டெல்லியிலிருந்து ஒரு குரல்,
"இப்போதே" என்றது.
ஐந்து நாற்பதுக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தேன்.
வந்தவர்களில் ஒருவர் வீட்டுச் செருப்போடு.
எண்ணிக்கை இருக்கிறதா என்று கேட்கலாம்.
கேட்பதற்காகத்தான் அந்த நாற்காலியே.
நான் காபி தரச் சொன்னேன்.
அந்த ஆட்சி ஒன்பது நாள் நடந்தது.

ஜெனரல் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார்.
"உள்ள உக்காருங்க சார்" என்றான் போஜன்,
திரும்பிக்கூடப் பார்க்காமல்.
இரண்டு போர்களைப் பார்த்தவர்
காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.
அப்புறம் வெகுநேரம்
தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.
அவர் அனுப்பிய ஓர் அறிக்கையால்
ஓர் அரசு கலைந்தது.
அதைப் பற்றி நாங்கள் கேட்பதில்லை.

"எப்போ போகும்?" என்றார் சுலோசனா.

"அதுக்கா தோணும்போதுங்க மேடம்."

நான் சிரித்துவிட்டேன்.
இருவரும் என்னைப் பார்த்தார்கள், பிறகு அவர்களும்.
குடியரசுத் தலைவர் விழையும் வரை
ஆளுநர் பதவியில் இருப்பார்.
எங்கள் மூவருக்கும் மனப்பாடமான வரி.
என் முறை வந்தபோது
தொலைக்காட்சியின் அடிவரியில் ஓடியது செய்தி.
சமையல்காரருக்கு முன்பே தெரிந்திருக்கிறது;
அன்றிரவு மீன் இல்லை, ரசம்.

எருமை தேயிலைக்குள் இறங்கியது,
அவசரமின்றி, எங்களைத் திரும்பிப் பாராமல்.
அது நின்ற இடத்துக்கு அப்பால்
ஒரு பெண்.
தலையில் இலை மூட்டை, மேலே பிளாஸ்டிக் உறை.
எங்களைப் போலவே இவ்வளவு நேரமும்
நின்றிருக்கிறாள், மூட்டையை இறக்காமல்.

வண்டியைக் கடக்கையில் போஜனிடம்
படக மொழியில் ஏதோ சொன்னாள்.
அவன் சிரித்தான்.
என்னவென்று நாங்கள் கேட்டோம்.
"ஒண்ணுமில்ல சார்" என்று கியரைப் போட்டான்.

சட்டைப்பையிலிருந்த உரையை எடுத்தேன்.
முதல் பத்தியை அடித்தேன்.
வளைவுகளில் பேனா நழுவ,
இரண்டாவதையும்.