மோட்டார் ரூம் பல்பு

இருபத்தொரு நாள் கடல்; இருபத்தொரு நாள் காங்கேயம்.
லீவிலும் அதே வேலை:
இரவில் எண்ணெய் மேடையில் ஹெலிகாப்டர் இறங்க
ஆளுக்கொரு வழி இனிக் கிடையாது,
எல்லோருக்கும் ஒன்று என்று எழுதுவது.

மும்முனைக் கரண்ட் ராத்திரி ஒன்றரைக்கு.
டார்ச் எடுக்காமல் கிளம்பினேன்.
கொறங்காடு முழுக்க இருட்டு,
கிணற்று மேட்டில் ஒற்றை பல்பு.
அது கிட்டே வந்தது.
இல்லை, மேலே போனது.
ஒற்றை விளக்கு தூரமும் சொல்லாது, உயரமும் சொல்லாது.
நாலாம் பக்கத்தில் நானே எழுதியதுதான்.
கிளுவை வேலியில் போய் முட்டினேன்.

போன மாசம் சைலஜா, இடது சீட்டில்,
"உயரம்" என்றாள்.
பதினாறு வருசமாய்க் கண்ணை நம்பி இறங்கியவன், பேசவில்லை.
"உயரம்."
மூன்றாம் தடவை சொல்லவில்லை,
தன் பக்கத்து லீவரைத் தூக்கினாள்.
ஏறும்போது கீழே அலைநுரை தெரிந்தது,
அவ்வளவு வெள்ளையாய்.

முழங்கையில் முள் கீறல்.
மோட்டார் ஓடுகிறது,
தென்னைக்குத் தண்ணி போய்ச்சேர நேரமாகும்.
வந்து அந்த வரியைத் திறந்தேன்:
இரண்டு முறை கூப்பிட்டும் பதில் இல்லையேல்
துணை விமானி கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ளலாம்.
'லாம்' அடித்தேன்.
'வேண்டும்.'
கீபோர்டில் கொஞ்சம் ரத்தம், துண்டால் துடைத்துவிட்டு
சைலஜாவுக்கு முதலில் அனுப்பினேன்.