நூலளவு சந்து

குளிர்கால போனஸில் பாதியைக் கொடுத்து
ஒட்டாரு கடைத்தெருவில் ஒரு ஹெட்போன் வாங்கினேன்.
மலிவுமில்லை, மன்னர் வீட்டுப் பொருளுமில்லை.

கைபேசியில் செருகினால்
பக்கத்து வீட்டுச் சண்டை போல
வார்த்தை வந்தது, கோபம் வரவில்லை.

பட்டறை நண்பன் குரோய்வா
வெள்ளி முலாம் பூசிய கேபிளொன்றை
பூனைக்குட்டியை ஒப்படைப்பது போல
இரவல் தந்தான்.
மாட்டினால் மேடையே விரியும் என்றான்.
விரிந்தது என் கொட்டாவி.

பிறகு ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர்.
அதில் கீழ்ச்சுரங்களெல்லாம்
ஊறிய சோயாவாய்ப் பருத்து
ஒன்றின்மேல் ஒன்று சரிந்தன.
வேறொன்று மாற்றினேன்,
சரிவது நின்றது, எலும்பு தெரிந்தது.

தோல் மெத்தையைக் கழற்றி
வெல்வெட் போட்டேன்.
வயலின் அரையடி தள்ளிப் போய் அமர்ந்தது.
டபுள் பாஸ்காரர் எழுந்து
வெளியே போய்விட்டார்.
மறுபடி தோல்.
வாசல்வரை வந்தார்,
செருப்பைக் கழற்றவில்லை.

பிப்ரவரி. பனி வாரும் வண்டி
தெருவைச் சுரண்டிக்கொண்டிருந்த இரவில்
கிண்ணம் துடைத்தபடி ஹிசானோ சொன்னாள்:
"மூக்குக்கண்ணாடியைக் கழற்றேன்."

கழற்றினேன்.
கம்பிக்கும் காதோரத் தோலுக்கும் நடுவே
நூலளவு சந்து.
அதன் வழியாகவா
என் அரை போனஸ் ஒழுகியது?

ஒரு மரப்பெட்டி முழுதாய் அதிர்ந்தது.
வில் திரும்பும் இடத்தில்
வாசித்தவர் மூக்கால் மூச்சிழுத்தார்.

ஹிசானோ ஏதோ கேட்டாள் போல.
முகம் இருந்த இடத்தில் ஒரு வெளிச்சம்,
உதடு தெரியவில்லை.
தலையாட்டி வைத்தேன்.
எதற்குச் சம்மதித்தேனோ,
காலையில் தெரியும்.